ஏற்காடு ஏறும் முன் ஒரு காலைப்பொழுது: சேலம் கிறிஸ்துநாதர் ஆலயம்

வெளிநாட்டிலிருந்து சேலம் வரும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வந்த மறுநாளே ஏற்காடு கிளம்பிவிடுகிறார்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் நூற்றைம்பது வயதான ஒரு சர்ச் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இந்த ஊரில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. மலைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு காலைப்பொழுதை இந்தச் சர்ச்சுக்குக் கொடுங்கள்.

ஊர்க்காரர்கள் கிறைஸ்ட் சர்ச் என்பார்கள், பலகையில் சி.எஸ்.ஐ. கிறிஸ்துநாதர் ஆலயம் என்று இருக்கும். 1875ல் எழும்பிய கட்டடம். வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம். பெயர் புதிதாகத் தோன்றலாம், ஆனால் அவர் கைவேலையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். சென்னை மெரினா எதிரே நிற்கும் பிரசிடென்சி கல்லூரி அவருடையது, சற்றுத் தள்ளி இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவருடையது. ஊட்டியின் நீலகிரி நூலகம், திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியம் இரண்டும் அவர் வரைந்தவைதான்.

சேலத்து ஆலயத்தை நான் முக்கியமாக நினைப்பதற்கு 1875 என்ற அந்த ஆண்டுதான் காரணம். 1860களின் கடைசியில் சிசோம் ஊட்டியில் கூர்வளைவு ஜன்னல்களோடு காத்திக் சாயலில் கட்டிக்கொண்டிருந்தார். 1874ல் தொடங்கி 1879ல் முடிந்த செனட் ஹவுஸில் நம் நாட்டு, இஸ்லாமியக் கட்டடக்கலையின் வளைவுகளும் குமிழ்களும் வந்துவிட்டன. பின்னாளில் இந்தோ-சாராசெனிக் என்று பெயர் பெற்ற அந்தப் பாணிக்கு மெட்ராஸில் வழி போட்டவர் அவர். ஒரு கலைஞன் ஒரு பாணியை விட்டு இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டிருந்த சரியாக அந்த வருடங்களில் எழுந்தது நம் ஊர்ச் சர்ச். அதனால் உள்ளே நுழைவதற்கு முன் வெளியே நின்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். வளைவு உச்சியில் கூர்மையாகிறதா, உருண்டு நிற்கிறதா, கூரைச் சரிவு எப்படி, சேலத்து வெயிலுக்காக என்ன ஏற்பாடு செய்திருக்கிறார் என்று கவனியுங்கள். செனட் ஹவுஸின் படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இன்னும் நல்லது. உங்களோடு வரும் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், அரை மணி நேரம் சலிக்காமல் சுற்றுவார்கள்.

சேலத்தில் பழைய புராட்டஸ்டண்ட் சர்ச் இது ஒன்று மட்டும் இல்லை. கோட்டைப் பகுதியில் லெக்லர் பெயரால் ஓர் ஆலயம் இருக்கிறது. லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரிச் சங்கம் சேலத்துக்கு வந்தது 1827ல். 1840களிலும் 50களிலும் இங்கே பணி செய்த ஜெர்மானியர் லெக்லர், பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தவர். அந்தச் சபை தமிழர்களை நம்பி வளர்ந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சர்ச் ஆங்கிலிக்கன் சபையுடையது, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபு. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டு மரபுகளும் ஒரே குடைக்குள் வந்தன. இன்று இரண்டு பலகைகளிலும் சி.எஸ்.ஐ. என்றுதான் இருக்கும்.

முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். மெட்ராஸ் மாகாண ஆங்கிலிக்கன் சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. லண்டன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் அதே லண்டனில் சோவாஸ் (SOAS) கல்லூரியில் உள்ளன. லண்டனில் இருப்பவர்கள் இங்கே வருவதற்கு முன்பே அங்கே ஒரு நாள் செலவழித்துவிடலாம். உங்கள் குடும்பம் கத்தோலிக்கம் என்றால் தடம் வேறு. இந்தப் பக்கத்துப் பங்குகளில், அதாவது ஊர்ச் சபைகளில், பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருக்கள் நெடுங்காலம் இருந்தார்கள். சேலம் மறைமாவட்டம் 1930ல் அமைந்தபோது முதல் ஆயராக வந்த பிரூனியேவும் அந்தச் சபையைச் சேர்ந்தவர். மறைமாவட்டத்தின் தலைமைக் கோவில், 4 ரோடு பக்கத்தில் உள்ள குழந்தை இயேசு பேராலயம். ஆனால் ஞானஸ்நானப் புத்தகம் அந்தந்தப் பங்குக் கோவிலில்தான் இருக்கும், பேராலயத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை.

இன்னொரு விஷயம். தாத்தாவின் பழைய காகிதத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் சேலம் நகரத்தில் தேடி ஏமாறாதீர்கள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றித் தென்னாப்பிரிக்காவுக்குப் போன கப்பல்களின் பட்டியல்களிலும் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அன்றைய சேலம் ஜில்லாவிலிருந்துதான் 1965ல் தர்மபுரி பிரிந்தது, 1997ல் நாமக்கல் பிரிந்தது. 2004ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனியானது. ஜில்லா பெயரை விட்டுவிட்டுத் தாலுகா பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாரை எப்படிக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். லண்டனிலிருந்து வந்த என் சித்தப்பா மகள், அவள் ஆச்சியின் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டு ஒரு சர்ச் அலுவலகத்தில் “ஆயரைப் பார்க்கணும்” என்றாள். அவள் சொன்னது சபைப் போதகரை. அவர்கள் புரிந்துகொண்டதோ மறைமாவட்டத் தலைவரை. அரை நாள் அலைந்தாள். சி.எஸ்.ஐ.யில் சபைக் குருவானவரைத்தான் ஆயர் என்பார்கள், அவருக்கு மேலே இருப்பவர் பேராயர். கத்தோலிக்கத்தில் மறைமாவட்டத் தலைவர்தான் ஆயர், கோவிலில் இருப்பவர் பங்குத்தந்தை, வாய்ப்பேச்சில் ஃபாதர். ஒரு பக்கம் ஆராதனை என்பது மறுபக்கம் பூசை, அல்லது திருப்பலி. இதைத் தெரிந்து பேசினாலே அலுவலகத்தில் இருப்பவர்களின் முகம் மலர்ந்துவிடும்.

பதிவேடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், அன்று ஆயருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முதலில் போனில் பேசிவிட்டு வாரநாள் காலையில் போங்கள். பெயர், அப்பா பெயர், தோராயமான வருடம், இந்த மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழைய புத்தகத்தில் சூசை, ஜோசப், யோசேப்பு மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். கட்டடத்தைப் பார்க்க மட்டும் என்றால் ஞாயிறு ஆராதனைக்கே போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டு எழும்பும்போது அந்தக் கூரையின் உயரம் எதற்கென்று காது சொல்லும். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். போட்டோ எடுக்க வாட்ச்மேனிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, இனி மலைக்கு. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். மே மாதக் கோடை விழாவிலும் சனி, ஞாயிறிலும் வண்டிகள் நகராது. வடகிழக்குப் பருவமழையில் வளைவுப் பாதையில் மண்சரிவு வந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டத்துரைமார்கள் வந்தார்கள், அவர்களோடு சர்ச்சுகளும் வந்தன. ஹோலி டிரினிட்டி ஆலயத்தையும் ஊரின் பழைய கல்லறைகளையும் நிதானமாகப் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. அந்தப் பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்ததுதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம் பல்லாவரத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். ஏற்காட்டில் நீங்கள் மிதிக்கும் கல்லும் அதே குடும்பம்.

கல்லறைக் கற்களில் மழை தேய்த்த எழுத்தைப் படிக்க, காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ போங்கள். சாய்ந்த வெயிலில் எழுத்து தானாக எழுந்து நிற்கும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கம்பித் தேய்ப்பானைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.