எக்செல் மெனுக் கட்டளைகளின் ஐடி எண்ணை மேக்ரோவால் கண்டறிவது எப்படி?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் கடையொன்றின் கணக்கை நான் எக்செலில் எழுதி வருகிறேன். ஒரு நாள் எடை பதிந்திருந்த வரிசை ஒன்றைக் கடையில் யாரோ வலது கிளிக் செய்து நீக்கிவிட்டதால், மாலையில் இருப்பும் பணமும் ஒத்துப்போகவில்லை. அந்த மெனுவிலுள்ள ‘டெலிட்’ கட்டளையை முடக்க நினைத்தபோதுதான், அதை மேக்ரோவுக்கு, அதாவது எக்செலுக்குள் நாம் எழுதும் சிறு நிரலுக்கு, எப்படி அடையாளம் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

திரையில் தெரியும் பெயரை நம்ப வேண்டாம். கேப்ஷன் எனப்படும் அந்தப் பெயருக்குள் ‘&’ குறி ஒளிந்திருக்கும்; எக்செலின் மொழியை மாற்றினால் பெயரும் மாறிவிடும். மாறாதது, ஒவ்வொரு கட்டளைக்கும் எக்செல் உள்ளுக்குள் வைத்திருக்கும் ஐடி எண். ‘சேவ்’ கட்டளைக்கு 3, ‘காப்பி’க்கு 19, ‘கட்’டுக்கு 21, ‘பேஸ்ட்’டுக்கு 22.

மற்ற எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு சிறு மேக்ரோவே எடுத்துத் தரும். ஆல்ட் விசையுடன் எஃப்11 அழுத்தி, மேக்ரோ எழுதும் சாளரத்தைத் திறந்து, ‘இன்சர்ட்’ மெனுவில் ‘மாட்யூல்’ சேர்த்துக்கொள்ளுங்கள். அப்ளிகேஷனின் ‘கமாண்ட்பார்ஸ்’ தொகுப்பிலுள்ள ஒவ்வொரு பட்டையையும் (வலது கிளிக் மெனுக்களும் இதில் பட்டைகளே), அதனுள் ‘கண்ட்ரோல்ஸ்’ தொகுப்பிலுள்ள ஒவ்வொரு கட்டளையையும், ஒன்றுக்குள் ஒன்றான இரண்டு ‘ஃபார் ஈச்’ சுற்றுகளால் (தொகுப்பிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் நிரல் வரிகள்) எடுத்து, பட்டையின் பெயர், கேப்ஷன், ஐடி, டைப் ஆகிய நான்கையும் வெற்றுத் தாளில் வரிசைக்கு ஒன்றாக எழுதச் செய்யுங்கள். டைப் 10 என்று வந்தால் அது துணைமெனு. அதன் உள்ளே இருப்பவற்றையும் அறிய, அதே சுற்றை அதற்குள்ளும் ஓட்ட வேண்டும்.

பட்டியல் கையில் வந்ததும் வடிகட்டிப் பார்த்தேன். வரிசைத் தலைப்பில் வலது கிளிக் செய்தால் வரும் ‘ரோ’ பட்டையில் டெலிட்டின் எண் 293. கட்டத்தின்மேல் வலது கிளிக் செய்தால் வரும் ‘செல்’ பட்டையில் 292. ஒன்றை முடக்கினால் மற்றொன்று வேலை செய்துகொண்டேதான் இருக்கும். மேலும், சாதாரணத் தோற்றத்துக்கும் பேஜ் பிரேக் தோற்றத்துக்குமாக ‘செல்’ என்ற பெயரிலேயே இரண்டு பட்டைகள் இருப்பதால், பெயர் சொல்லி அழைத்தால் முதலாவது மட்டுமே கிடைக்கும். ஆகவே, எண்ணைக் கொடுத்தால் பொருந்தும் அனைத்தையும் திருப்பித் தரும் ‘ஃபைண்ட்கண்ட்ரோல்ஸ்’ முறையைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றின் ‘எனேபிள்ட்’ பண்பையும் ‘ஃபால்ஸ்’ ஆக்குவதே சரி. நாமே சேர்க்கும் பொத்தான்களுக்கெல்லாம் ஐடி 1 என்றே வருவதால், அவற்றுக்கு ‘டேக்’ பண்பில் தனிப்பெயர் வைத்துத் தேட வேண்டும்.

2007 பதிப்பில் வந்த, திரையின் மேலே பொத்தான்களோடு இருக்கும் ரிப்பனுக்கு இந்த எண்கள் பொருந்தா. அங்கு ஒவ்வொரு கட்டளைக்கும் எண்ணுக்குப் பதில் சொல்லாலான அடையாளம் உண்டு. எக்செல் ஆப்ஷன்ஸில் ‘கஸ்டமைஸ் ரிப்பன்’ பக்கம் சென்று கட்டளையின்மேல் சுட்டியை நிறுத்தினால், குறிப்பின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அது தெரியும்.

முடக்கம் அந்த ஒரு கோப்போடு நிற்காது. திறந்திருக்கும் மற்றக் கோப்புகளையும் பாதிக்கலாம். இதை மறந்து, வரவு செலவுக் கோப்பில் டெலிட் வேலை செய்யவில்லையென்று அரை மணி நேரம் திணறியவன் நான். எனவே அந்தக் கோப்புக்கு வரும்போது நடக்கும் ஒர்க்புக்கின் ‘ஆக்டிவேட்’ நிகழ்வில் முடக்கி, அதை விட்டு வேறு கோப்புக்குப் போகும்போது நடக்கும் ‘டீஆக்டிவேட்’ நிகழ்வில் மீண்டும் ‘ட்ரூ’ ஆக்குங்கள். கண்ட்ரோல் விசையுடன் கழித்தல் குறியை அழுத்தி வரிசையை நீக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். அதை அடைக்க, ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுத்து, வரிசை நீக்கும் அனுமதியை டிக் செய்யாமல் விட வேண்டும்.