ட்ரோனுக்கு அனுமதி ஒன்றல்ல, இரண்டு

பொது இடத்தில் கேமரா ட்ரோன் பறக்கவிட நினைக்கிறீர்களா? வான்வெளிக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தனி, நீங்கள் நிற்கும் பூங்காவோ கடற்கரையோ யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுடைய சம்மதம் தனி. ஆணையத்தின் வரைபடத்தில் தடை எதுவும் இல்லை என்று நம்பிக் கிளம்பினால், வாசலில் காவலாளி பையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

எடையை நீங்களே தராசில் வைத்துப் பாருங்கள். பல நாடுகளில் 250 கிராமுக்குக் கீழே விதிகள் தளர்வு, ஆனால் பெட்டியில் 249 என்று போட்டிருக்கும் ட்ரோனுக்கு இறக்கைக் காப்பு மாட்டினாலே அந்த அளவு தாண்டிவிடும். பொம்மை வகை ட்ரோன் தவிர, கேமரா இருந்தால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

இடத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதும் கடிதத்தில் "படம் எடுக்க அனுமதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கஷ்டம். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கிருந்து ஏற்றி எங்கே இறக்குவீர்கள் (வரைபடத்தில் புள்ளி வைத்துக் கடிதத்துடன் இணைத்துவிடுங்கள்), எவ்வளவு உயரம், பதிவு எண், காப்பீடு இருந்தால் அதன் நகல், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். உயரம் பெரும்பாலும் 120 மீட்டருக்குள்தான். மழைக்காக மாற்று நாள் ஒன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கூட்டம் சேராத அதிகாலை நேரத்தைக் கேளுங்கள், சுலபமாகக் கிடைக்கும். பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நீங்கள் திரையைப் பார்க்கும்போது வானத்தைப் பார்க்க ஒருவரைக் கூட்டிப் போங்கள்.