நிலத்தில் எதையும் வைக்காதீர்கள்: குறைந்த செலவில் வீட்டை ஒழுங்குபடுத்தும் முறை

பெட்டியைத் தூக்கினேன். அதன் அடிப்பாகம் நிலத்திலேயே நின்றுவிட்டது.

மூத்தவளைத் தரம் 1இல் சேர்ப்பதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. நடு அறைக் கட்டிலின் கீழே, தொலைக்காட்சி வந்த மட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது என்று மாமி சொன்னார். இருந்ததுதான். ஆனால் எனக்கு முன்பே கறையான் அதைக் கண்டுபிடித்திருந்தது. எங்கள் கலியாண அல்பத்தின் பாதியைத் தின்று முடித்து, பத்திரத்தின் கீழ் ஓரத்துக்கு வந்திருந்தது. மகளின் பெயர் தப்பியது. பதிவாளரின் கையொப்பம் போய்விட்டது. பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அல்பத்துக்கு எங்கே போவது?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: நிலத்தில் எதையும் வைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீமெந்து நிலம் வியர்க்கும். தாழ்ந்த காணிகளில் வெள்ளம் வாசற்படி ஏறும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்ற மாதங்களில் கறையானும் எலியும் இருக்கின்றன.

அம்மம்மாவின் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். நிலத்தில் கிடந்தவை அம்மி, ஆட்டுக்கல், உரல் மட்டும்தான். மற்றவை உறியில், கொடியில், பரணில் இருந்தன. நாங்கள்தான் பிளாஸ்டிக் பெட்டி வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கற்றுக்கொண்டோம். கீழே சொல்லப்போகும் வேலைகளுக்குத் தச்சர் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பொருட்களே பெரும்பாலும் போதும்.

படி 1: ஒரு மூலை, நான்கு குவியல்

முழு வீட்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். பின்னேரம் நான்கு மணிக்கு எல்லாச் சாமானும் விறாந்தையில் கிடக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் தேட வேண்டியிருக்கும். ஒரு மூலையை எடுங்கள், அல்லது ஒரு அலுமாரியின் ஒரு தட்டை. அதிலிருக்கும் அனைத்தையும் பாயில் கொட்டுங்கள். பிறகு பிரியுங்கள்: வேண்டியவை, பிறருக்குக் கொடுப்பவை, எறிபவை. பழைய இரும்பும் போத்தலும் எடுப்பவர் தெருவால் வருவார். எறிய வேண்டியதில் ஒரு பங்கு அவரிடம் போகும்.

நான்காவது குவியல்தான் எங்கள் ஊருக்கே உரியது: வெளிநாட்டில் இருப்பவர்களுடையவை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் பாடப் புத்தகங்கள், லண்டன் மச்சாள் அடுத்த முறை வந்து எடுப்பதாகச் சொன்ன குளிர்ச் சட்டைகள், எவருடையவை என்றே தெரியாத மூன்று சூட்கேஸ்கள். இவற்றை எறியவும் மனம் வராது, பாவிக்கவும் உரிமை இல்லை. நான் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "தைப்பொங்கலுக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொடுத்துவிடுவேன்" என்று எழுதினேன். இரண்டு பேர் கோபித்தார்கள். ஒரு அறை காலியானது. லாபம் என்றே நினைக்கிறேன்.

படி 2: சுவரைத் தட்டிப் பாருங்கள்

நிலத்தை விட்டு எழும்ப வேண்டுமென்றால் சுவர்தான் துணை. ஆணி அடிக்கும் முன் விரல் மொட்டியால் சுவரைத் தட்டுங்கள். "டொக்" என்று அடங்கிய ஓசை வந்தால் உள்ளே கெட்டி. பொள்ளலான ஓசை வந்தால் துளையுள்ள சீமெந்துக் கல். சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் நிற்காது, கனமான தட்டைத் தூண் அல்லது வளை (குறுக்கு விட்டம்) இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய வீடுகளில் மேற்சாந்து உதிரும். அங்கே ஆணி சாந்தைக் கடந்து கல்லுக்குள் போக வேண்டும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த திருகாணி வேண்டாம்.

இன்னொன்று: மின்சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

படி 3: கல்லும் பலகையும்

சுவரைத் தொடப் பயப்படும் புதியவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆறு சீமெந்துக் கற்கள், நான்கடி நீளப் பலகைகள் இரண்டு. பழைய ஓட்டு வீடு பிரித்த இடத்தில் பனஞ்சிலாகை (ஓட்டைத் தாங்கும் ஒடுங்கிய பனஞ்சட்டம்) கிடைத்தால் விடாதீர்கள். முதிர்ந்த பனையின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. நான்கைந்து சிலாகைகளை நெருக்கமாக வைத்தால் ஒரு பலகையின் அகலம் வந்துவிடும். ஆனால் பனை மரம் கையைப் பதம் பார்க்கும். ஓரத்துச் சிலாம்பு ஊசிபோல் ஏறும். முதலில் ஓரங்களை நன்றாகத் தேய்த்து, பழைய சீலைத் துணியால் இழுத்துப் பாருங்கள். துணி எங்கேயும் சிக்காவிட்டால்தான் கை வைக்கலாம். நேரடியாக ஆணி அடித்தால் வளையும், துளையிட்டுவிட்டு அடியுங்கள்.

செய்யும் விதம்:

1. சுவரிலிருந்து மூன்று அங்குலம் விட்டு மூன்று கற்களை ஒரே வரிசையில் வையுங்கள்: இரண்டு அந்தங்களிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று.
2. அதன் மேல் முதல் பலகை. கையால் அமர்த்திப் பாருங்கள். ஆடினால் மட்டையை மடித்துக் கொடுக்காதீர்கள், அதுவே கறையானுக்கு விருந்து. ஓட்டுத் துண்டு கொடுங்கள்.
3. கீழ்க் கற்களுக்கு நேர் மேலே மற்ற மூன்று கற்கள்.
4. இரண்டாவது பலகை. அத்துடன் நிறுத்துங்கள். மூன்றாம் தட்டு வைத்தால் பிள்ளைகள் அதை ஏணி என்று நினைப்பார்கள்.

மூன்று அங்குல இடைவெளியை மறக்க வேண்டாம். கறையான் மண்ணிலிருந்து குழாய்போலப் புற்றுக் கட்டிக்கொண்டுதான் மேலே வரும். கல்லின் மேல் ஏறினால் கண்ணில் படும், ஈர்க்குமாற்றால் தட்டிவிடலாம். பலகை சுவரோடு ஒட்டியிருந்தால் பின்பக்கத்தால் ஏறியது பலகை விழும்போதுதான் தெரியும்.

எறும்புக்காக அலுமாரிக் கால்களின் கீழ் தண்ணீர்ச் சிரட்டை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. மாரி காலத்தில் அந்தச் சிரட்டையில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். வைப்பதானால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி வையுங்கள். முட்டை தண்ணீரில் அல்ல, ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும்.

படி 4: குசினி

முதலில் மா. எங்கள் குசினியில் மா மட்டும் நான்கு: வறுத்த அரிசிமா, அவித்த கோதுமை மா, ஒடியல் மா, உழுத்தம் மா. நான்கும் ஒரே மாதிரியான போத்தலில், ஏறக்குறைய ஒரே வெள்ளையில். ஒருநாள் நான் வீட்டில் இல்லாதபோது கணவர் நல்ல எண்ணத்தோடு இடியப்பம் பிழிந்தார். எடுத்தது ஒடியல் மா. கைப்புப் போக ஊறவைத்துப் பிழியாத ஒடியல் மாவின் சுவையை நான் சொல்ல வேண்டியதில்லை. முழுதையும் தின்று முடித்தது அயல் வீட்டு ஆடு.

ஆகவே போத்தலில் எழுதுங்கள். வெள்ளை பிளாஸ்டர் துண்டை ஒட்டி, பேனையால் பெயரும் திரித்த திகதியும். மூடியில் எழுதாதீர்கள், கழுவும்போது மூடிகள் மாறிவிடும். பால்மாப் பேணி, நெஸ்டமோல்ட் போத்தல், பிஸ்கட் தகரம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வரிசையில் ஒரே அளவாக இருக்க வேண்டும். அளவு மாறினால் பின்னால் இருப்பது மறையும். மறைந்ததை மறுபடி வாங்குவோம். சீரகம் மூன்று பைக்கற் இருக்கும் வீடு அப்படித்தான் உருவாகிறது.

மிளகாய்த்தூளை இரண்டாகப் பிரியுங்கள். திரித்துக் கொண்டுவந்ததில் ஒரு கிழமைக்கு வேண்டியது அடுப்படியில் சிறு போத்தலில். மீதி, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில், வெயில் படாத தட்டில். ஈரக் கரண்டி ஒருமுறை உள்ளே போனால் முழுப் போத்தலும் கட்டி பிடிக்கும்.

அரிசிச் சாக்கைச் சாக்காகவே வைக்காதீர்கள். எலிக்குச் சாக்கு ஒரு தடையே அல்ல. மூடியுள்ள தகர வாளிக்கு மாற்றி, கல்லும் பலகையும் தட்டில் ஏற்றுங்கள். நன்றாகக் காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து போடலாம். பச்சை இலை போட்டால் ஈரம்தான் மிஞ்சும்.

வெங்காயத்துக்கு உறியே சரி. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண் தோட்டக்காரர்கள் சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கூரைக்குக் கீழே தொங்கவிடுவது காற்றோட்டத்துக்காகத்தான். சொப்பிங் பையில் கட்டி வைத்தால் மூன்று நாளில் நாறும். உறி பின்னத் தெரியாது என்று தயங்க வேண்டாம், அரை மணி நேர வேலை:

1. எட்டடி நீளமான மூன்று கயிறுகளை எடுத்து நடுவால் மடித்து, மடிப்பை ஒன்றாகச் சேர்த்து ஒரு வளையம் வரும்படி முடிச்சிடுங்கள். ஆறு இழைகள் தொங்கும்.
2. வளையத்தை யன்னல் கொளுக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டரை அடி கீழே, இரண்டு இரண்டு இழையாகச் சேர்த்து மூன்று முடிச்சுகள்.
3. அதற்கு நான்கு அங்குலம் கீழே மறுபடி மூன்று முடிச்சுகள். இம்முறை ஒவ்வொரு முடிச்சிலும் பக்கத்துச் சோடியிலிருந்து ஒவ்வோர் இழை. இப்போது வலைபோல வரும்.
4. இன்னும் நான்கு அங்குலம் கீழே ஆறையும் சேர்த்து ஒரு பெரிய முடிச்சு.

உள்ளே ஒரு சிறு பனையோலைக் கடகத்தை இருத்துங்கள். வெங்காயம், உள்ளி, காய்ந்த மிளகாய் எதற்கும் பொருந்தும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வளையில் தொங்க விடுங்கள். சுவரோடு ஒட்டித் தொங்கும் உறி எலிக்கு ஊஞ்சல். நைலோன் கயிறு வழுக்கும், முடிச்சு அவிழும். தும்புக் கயிறு நல்லது.

படி 5: உடுப்பு

எவரும் உரிமை கோராத அந்த மூன்று சூட்கேஸ்களுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை அவற்றுக்குள் போகட்டும். இடம் அலுமாரியின் மேல், கட்டிலின் கீழல்ல. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் உள்ளே இருப்பதை எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வெளியே வந்து, பிறகு அடுத்த ஆவணி வரை உறங்கும் பட்டுச் சேலைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, தோய்த்த பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். உறைக்குள் ஈரம் தங்கும், சரிகை கறுக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரித்து வேறு கோட்டில் மடியுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில்தான் பட்டு முதலில் கிழியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பூச்சி உருண்டை போட வேண்டாம். விழுங்கினால் ஆபத்து, சில குழந்தைகளுக்கு நஃப்தலீன் நெடி ஏறிய துணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதும்.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அலுமாரி வேண்டாம். அறைக் கதவுக்குப் பின்னால், பிள்ளையின் தோள் உயரத்தில் கொளுக்கி அடியுங்கள். எங்கள் வீட்டில் மூன்றடியில் அடித்தோம். அன்றுதான் சட்டை கதிரையிலிருந்து எழுந்தது. புத்தகப் பைக்கும் செருப்புக்கும் இதே முறை, இதே உயரக் கணக்கு. மழைக் காலத்தில் சப்பாத்தை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

படி 6: ஆவணப் பை

இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்யுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்களில் மாமியும் ஒருவர். கையில் எடுத்தது ஒரு தோற்பை. அதற்குள் காணி உறுதி, மாமாவின் ஓய்வூதியப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள். மற்ற எல்லாம் வீட்டோடு போயின. இதே மாமிதான் பிறகு பேத்தியின் பத்திரத்தைக் கட்டிலின் கீழ் வைத்தவர் என்று நான் ஒருமுறை சொல்லிக் காட்டினேன். "அப்போது பயம் இருந்தது" என்றார்.

பூட்டும் வாயுள்ள பிளாஸ்டிக் உறைகள், ஆளுக்கு ஒன்று. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ்கள், மருத்துவக் கொப்பி, அடையாள அட்டையின் பிரதி. வீட்டுக்குப் பொதுவாக ஒரு உறை: காணி உறுதி, விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம். தாள்களை லமினேற் செய்யாதீர்கள், மூலப் பத்திரத்தைச் சில அலுவலகங்களில் அப்படி ஏற்கமாட்டார்கள். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அண்ணாவின் புத்தகங்களை இத்தனை ஆண்டு காத்ததற்கு அவர் இதையாவது செய்யட்டும்.

உறைகளைத் தோளில் போடும் பை ஒன்றில் இட்டு, படுக்கை அறைக் கதவுக்குப் பின்னால், வெள்ளம் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு பையைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். ஆணி ஆடினால் இன்றைக்கே மாற்றுங்கள்.