மின்தாளில் ஒரு மருந்துப் பலகை: முதன்முறை செய்பவர்களுக்கு

இ-பேப்பர் என்றதும் பலருக்கு நாளிதழின் இணையப் பதிப்புதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது கிண்டில் போன்ற படிப்பான்களில் இருக்கும் மின்தாள் திரையை. அது தானாக ஒளி விடாது. அச்சிட்ட தாளைப் போல அறை வெளிச்சத்திலேயே படிக்கலாம். உள்ளே தலைமுடியின் பருமனில் நுண்குமிழ்கள், அவற்றுக்குள் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்னழுத்தத்தைப் பொறுத்து ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதனால் மெதுவாக மாறுகிற, போகிற போக்கில் பார்க்கிற விஷயங்களுக்கு இது அருமையாகப் பொருந்தும்: பள்ளிக் கால அட்டவணை, குப்பை எடுக்கும் நாள், மாதக் காலண்டர், இன்று யாருக்கு என்ன வேலை. நொடி ஓடும் கடிகாரத்துக்கு ஒத்து வராது. முழுத்திரையும் மாறச் சில நொடிகள் ஆகும், அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பலமுறை சிமிட்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு மாத்திரை புதனும் சனியும் மட்டும். மற்றவை தினமும். அன்றன்று எந்த மாத்திரை என்று காட்ட, மின்தாளில் செய்த பலகையைத்தான் இங்கே சொல்லித்தருகிறேன்.

வேண்டியவை

4.2 அங்குலக் கறுப்பு-வெள்ளைத் திரை ஒன்று. 400-க்கு 300 புள்ளிகள். சிவப்பும் சேர்ந்த மூவண்ணத் திரை அழகுதான், ஆனால் ஒரு படம் மாறவே கால் நிமிடம் வரை எடுக்கும். முதல் முயற்சிக்கு வேண்டாம். திரையோடு அதன் இணைப்புப் பலகையும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் திரையை இயக்க ஒரு இஎஸ்பி32 (ESP32) போர்டு, அதாவது வைஃபை உள்ள சிறிய கணினிப் பலகை, ஜம்பர் ஒயர்கள் எட்டு, யூஎஸ்பி கேபிள். கேபிள் டேட்டா போகிற வகையாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைச் செருகிவிட்டு, கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லையே என்று நான் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

ஒயர் இணைப்பு

திரையின் விசிசி-யை (VCC) இஎஸ்பி32 போர்டின் 3.3 வோல்ட்டுக்கும், கிரவுண்டைக் (GND) கிரவுண்டுக்கும் கொடுங்கள். மற்ற ஆறும் போர்டில் இந்த எண்ணுள்ள பின்களுக்கு: டிஐஎன் (DIN) 23-க்கு, சிஎல்கே (CLK) 18-க்கு, சிஎஸ் (CS) 5-க்கு, டிசி (DC) 17-க்கு, ரீசெட் (RST) 16-க்கு, பிஸி (BUSY) 4-க்கு. திரையிலிருந்து வரும் பழுப்புநிறப் பட்டை கேபிளை மட்டும் மடிக்காதீர்கள், இழுக்காதீர்கள். அது கிழிந்தால் திரை போச்சு.

முதல் சோதனை

நிரல் எழுதிப் போர்டில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ (Arduino) மென்பொருளில் ஜிஎக்ஸ்இபிடி2 (GxEPD2) என்ற நூலகத்தை, அதாவது மின்தாள் திரைகளுக்கான தயார் நிரல் தொகுப்பை, நிறுவி, அதிலுள்ள மாதிரி நிரலைத் திறங்கள். திரைகளின் நீண்ட பட்டியல் இருக்கும். உங்களுடைய வரியை மட்டும் செயல்படுத்த வேண்டும். 4.2 அங்குலத் திரையிலேயே பதிப்புக்குப் பதிப்பு சிப் மாறும். எனவே பின்பக்கம் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திரையில் ஒன்றுமே வராவிட்டால் அடுத்த பதிப்பின் வரியை முயன்று பாருங்கள், அப்புறம் ஒயர்களைச் சரிபாருங்கள்.

எழுத்து வந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். "கரண்டே இல்லாம எப்படிடா எழுத்து அப்படியே நிக்குது?" என்று அம்மா திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தமிழ் எழுத்து

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இந்தச் சிறிய நூலகங்களுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியாது. தமிழ் எழுத்துருவைக் கஷ்டப்பட்டு ஏற்றினாலும் குறிகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்கும். 'வெந்நீர்' என்று கொடுத்தால், வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். படிக்கவே முடியாது.

வழி எளிது: எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு வரைகலை மென்பொருளில் 400-க்கு 300 அளவில் வெள்ளைப் படம் திறந்து, தடித்த எழுத்துருவில் அந்த நாளின் மருந்துகளை எழுதுங்கள். எழுத்து 40 புள்ளி உயரமாவது இருக்கட்டும். பிறகு சாம்பல் நிறமே இல்லாத, கறுப்பு-வெள்ளை மட்டும் கொண்ட படமாக மாற்றுங்கள். மெல்லிய எழுத்துரு என்றால் இந்த மாற்றத்தில் 'ழு'வின் கீழ்ச்சுழி, 'கூ'வின் வளைவு எல்லாம் அறுந்துபோகும். பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படி வாரத்துக்கு ஏழு படங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் வீதம் ஒரு படம் 15,000 பைட், ஏழும் சேர்ந்து 1,05,000. இஎஸ்பி32-இன் நினைவகத்தில் தாராளமாக அடங்கும். இமேஜ்2சிபிபி (image2cpp) என்ற இணையக் கருவி படத்தை நிரலில் ஒட்டக்கூடிய எண் வரிசையாக்கித் தரும்.

தினமும் தானாக மாற

போர்டு அதிகாலை 3 மணிக்கு விழித்து, வைஃபையில் சேர்ந்து இணையத்தில் நேரத்தைக் கேட்டு, அந்தக் கிழமையின் படத்தை வரைந்து, மின்சாரத்தை மிகக் குறைவாக எடுக்கும் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போக வேண்டும். நள்ளிரவு 12 மணியை வைக்காதீர்கள். உறக்கத்தில் போர்டின் உள்கடிகாரம் கொஞ்சம் விலகும். 11:50-க்கே விழித்துக்கொண்டால் முந்தைய நாளின் படத்தையே மறுபடி வரையும். வரைந்து முடித்ததும் திரையையும் உறங்க வைக்கும் கட்டளையை மறக்காதீர்கள். மின்னழுத்தம் நெடுநேரம் நின்றால் திரை பழுதாகும்.

கட்டாயம் செய்ய வேண்டியது

மின்தாளின் நல்ல குணமே மருந்து விஷயத்தில் ஆபத்தும்கூட. போர்டு செத்துப்போனாலும் செவ்வாய்க்கிழமைப் படம் அப்படியே தெளிவாக நிற்கும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அதனால் ஒவ்வொரு படத்திலும் கிழமையை மேலே மிகப் பெரிதாக எழுதுங்கள். தேதியை நிரலே பக்கத்தில் எழுதட்டும். வெறும் எண் என்பதால் அதற்கு நூலகத்தின் எழுத்துருவே போதும். எட்டாவதாக ஒரு படமும் செய்யுங்கள்: 'நாள் தெரியவில்லை, மருந்துச் சீட்டைப் பாருங்கள்.' வைஃபை கிடைக்காவிட்டால் போர்டு ஊகிக்காமல் இதைக் காட்ட வேண்டும். பேட்டரிக்கு மாறினால், அது தீரும் முன்பே இதைக் காட்டிவிட்டு நிற்கும்படி நிரலில் சேர்த்துவிடுங்கள். பழகும் வரை யூஎஸ்பி அடாப்டரே போதும்.

நேர் வெயில் படாத, அடுப்புச் சூடு எட்டாத இடத்தில், உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் மாட்டுங்கள். எங்கள் பலகை அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்கு நேர் மேலே, விளக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுகிற சுவரில் இருக்கிறது.