கோளாறு மைக்கில் இல்லை

எங்கள் தெருக் கோயில் கச்சேரிகளுக்கு மைக் செட் பொறுப்பு என்னுடையது. போன மார்கழியில் மிருதங்க மைக்கில் மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். மைக்கை மாற்றினேன், மிக்சரில் சேனலை மாற்றினேன், போகவில்லை. கேபிளை லேசாக அசைத்ததும் உறுமல் ஏறி இறங்கியது. அப்போதுதான் புத்தி வந்தது.

கேபிள் முனையிலுள்ள மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பிளக்கைக் கழற்றினால், 1-ஆம் பின்னில் இருக்க வேண்டிய ஷீல்டு (இரைச்சலைத் தடுக்க உள்கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக இழைகள்) அறுந்து ஓரிரு இழையில் தொங்குகிறது. தனியாக மின்சாரம் கேட்காத டைனமிக் மைக் என்பதால் 2, 3 பின்கள் வழியே சத்தம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கேபிள் வழியே மிக்சரிடம் 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் மைக்காக இருந்தால் அன்றே படுத்திருக்கும், கோளாறும் சீக்கிரம் தெரிந்திருக்கும்!

இந்த மாதிரி பேலன்ஸ்டு கேபிளில் ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும். வழியில் இரண்டிலும் ஒரேபோல ஏறும் இரைச்சலை மிக்சர் கழித்துவிடும். அதற்காக ஷீல்டு இல்லாமல் ஒப்பேற்ற முடியாது, அதுவும் பக்கத்திலேயே விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் ஒயர் ஓடும்போது.

உறையையும் உரித்துப் பார்த்தேன். ஒரே பக்கமாகச் சுற்றிய மலிவு ஷீல்டு, வளைந்து வளைந்து விரிந்து கிடந்தது. அப்புறம் நெருக்கமான பின்னல் ஷீல்டும் நான்கு கம்பிகளும் உள்ள ஸ்டார் குவாட் கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, நியூட்ரிக் கம்பெனி பிளக் வைத்து நானே பற்றவைத்தேன். மெல்லிய உலோகத் தாளான ஃபாயில் ஷீல்டு சுவருக்குள் கிடக்கச் சரி, மேடையில் மிதிபட ஆகாது.

கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுருட்டும் பையன்களைத்தான் இன்னும் திருத்த முடியவில்லை.