ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை: பயத்திலும் அவசரத்திலும் செய்யும் தவறுகள்

சென்னை மே மாதத்தில் யாருக்குத்தான் வேர்க்காது? அதனாலேயே நாற்பத்தைந்தைத் தாண்டிய பல பெண்கள் தங்கள் வேர்வையை வெயில் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஏசி அறையிலும் நடுராத்திரியிலும் நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடேறி, வேர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கினால் அது வெயில் இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறிவிடுகிறது. "ஆறு மாசத்துல சரியாயிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். பலருக்கு இது ஏழு வருடம்கூட நீடிக்கிறது. தைராய்டு கோளாறிலும் இதே தொல்லைகள் வரும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, இந்தத் தொல்லைக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும் அக்காவின் சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையை வாங்கிக்கொள்வது. இந்தச் சிகிச்சையில் முதல் கேள்வியே கர்ப்பப்பை இருக்கிறதா, இல்லையா என்பதுதான். இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், நாளடைவில் புற்றுநோயாகவும் மாறலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் தருகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்ட அக்காவுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருக்கும் தங்கைக்கு அதுவே ஆபத்து.

"கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்று சொல்லும் பலருக்கு, கூடவே ஓவரியையும் (சினைப்பையையும்) எடுத்தார்களா என்பது தெரிவதில்லை. தயவுசெய்து அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்கு வெகு முன்பே, முப்பதுகளின் கடைசியில் இரண்டு ஓவரியையும் இழந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் திடீரென்று நின்றுபோகிறது. எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். வேறு தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது இவர்கள் ஹார்மோன் எடுப்பதைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். "ஹார்மோன் மாத்திரையே ஆகாது" என்ற பயம் அதிகம் கெடுப்பது இவர்களைத்தான்.

அந்தப் பயம் 2002-இல் வந்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்து அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். கூடியது எவ்வளவு? வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேர். பங்கேற்றவர்களின் சராசரி வயதோ 63. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த, கர்ப்பப்பை இல்லாத பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலானோருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் இவற்றில் எது வந்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு.

மாத்திரை மட்டும்தான் வழி என்பதும் இல்லை. தோலில் தடவும் ஜெல்லில் ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. நம்ம ஊர் புழுக்கத்தில் குளித்து, நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகு தடவுங்கள். மார்பில் தடவக் கூடாது. தடவிய இடம் குழந்தைகள் மேல் படவும் கூடாது. பிறப்புறுப்பு வறட்சியும் சிறுநீர்த் தொற்றும் மட்டும்தான் தொல்லை என்றால், அங்கேயே போடும் குறைந்த அளவு க்ரீம் போதும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தேதி தள்ளிப்போட வாங்குகிற மாத்திரை வேறு வகை, அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இந்தச் சிகிச்சை கர்ப்பத்தையும் தடுக்காது. பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடவும் வேண்டாம், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, தொடரலாமா என்று கேளுங்கள்.

தொடங்கிய முதல் சில மாதங்களில் லேசாக ரத்தம் படுவது உண்டு. ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, மருந்தே எடுக்காதபோது மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி பட்டாலோ, எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியோ, உங்கள் வழக்கமான டாக்டரோ, அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.