கூச்சக்காரப் பெண்ணும் முப்பதாயிரம் பவுண்டும்: ரீஜென்சி கதை எழுதுகிறவர்களுக்கு

கதாநாயகி கூச்ச சுபாவக்காரி, பெரிய சொத்துக்கு வாரிசு, காலம் ரீஜென்சி, அதாவது மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆட்சி நடத்திய 1811-1820 இங்கிலாந்து. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எழுதிய வரைவுகள் என்னிடம் நிறைய வருகின்றன. தொடர்கதை எழுதுவதும் பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. வருகிற வரைவுகளில் பாதிக்கு மேல் முதல் அத்தியாயத்திலேயே அவளை நடன மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. தூண் ஓரமாக நிற்கிறாள், தலையைக் குனிகிறாள், கன்னம் சிவக்கிறது. கூச்சம் முடிந்தது. சொத்து? 'பெரும் பணக்காரி' என்று ஒரே வரி.

தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பணத்தை எழுதுங்கள். அது ஒழுங்காக அமைந்துவிட்டால், அந்தப் பெண் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது தன்னால் விளங்கிவிடும்.

கதையைத் தொடுமுன் ஒரு தாளில் சில விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் என்ன உருவத்தில் இருக்கிறது? எங்கிருந்து வந்தது? அவளுக்கு 21 வயது ஆகும்வரை யார் கையில் இருக்கும்? கல்யாணம் ஆனால் யாருக்குப் போகும்?

உருவம் என்றால் ஒன்று நிலம், இல்லையென்றால் அரசாங்கக் கடன் பத்திரம். கன்சல்ஸ் என்று பெயர், வட்டி 3 சதவீதம். முகமதிப்பு 30,000 பவுண்டு என்றால் உட்கார்ந்த இடத்தில் வருடத்துக்கு 900 பவுண்டு. வருடம் முப்பது பவுண்டு சம்பளத்துக்கு கவர்னஸ், அதாவது வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லும் ஆசிரியை, கிடைத்த காலம் அது. நெப்போலியனோடு போர் நடந்த வருடங்களில் 100 பவுண்டு பத்திரம் அறுபது பவுண்டு வாக்கில்தான் விலை போனது. நெப்போலியன் ஜெயிக்கிறானா தோற்கிறானா என்பது உங்கள் கதாநாயகியின் கார்டியனுக்கு (அவளுக்கும் சொத்துக்கும் காப்பாளர்) அரசியல் இல்லை, பணம். காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

எங்கிருந்து வந்தது என்பதில் சாமர்த்தியம் வேண்டும். பரம்பரை நிலமாக இருக்கலாம், லண்டன் வங்கியாக இருக்கலாம். ஜமைக்காவின் கரும்புத் தோட்டமாக இருந்தால் அடிமைகளின் உழைப்பில் வந்த பணம் என்பதை மறைக்காதீர்கள். 1807இல் தடை செய்யப்பட்டது அடிமை வியாபாரம்தான், அடிமைத்தனம் அப்படியே தொடர்ந்தது. இன்னொரு வழியும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மெட்ராஸ் வந்து, ஆற்காட்டு நவாபுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்து ஊர் திரும்பியவர்கள். நபாப் என்று அவர்களுக்குக் கேலிப் பெயர். அப்படிப்பட்டவரின் பேத்தி என்று வைத்துப் பாருங்கள். பழைய குடும்பங்கள் அவள் வீட்டு விருந்தை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வண்டி ஏறியதும் அவள் தாத்தாவைப் பற்றிச் சிரிப்பார்கள். அது அவள் காதில் விழுந்திருக்கும். தமிழ் வாசகரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனோ யாரும் எழுதுவதில்லை.

அப்புறம், கதையைப் பதினெட்டு வயதில் ஆரம்பிக்காதீர்கள். பதின்மூன்றில் ஆரம்பியுங்கள். வீட்டில் ஆண் பிள்ளை இருந்தவரை அவள் வெறும் மகள்தான். யாரும் அவளைக் கவனித்ததில்லை. தம்பி இறக்கிறான். துக்கமும் சொத்தும் ஒரே நாளில் வீட்டுக்குள் வருகின்றன. அதுவரை பெயர்கூடச் சரியாகச் சொல்லாத சித்தப்பா, அவள் நாற்காலியைத் தானே இழுத்துப் போடுகிறார். தம்பிக்காக அழுதுகொண்டிருக்கும் பெண்ணை அத்தனை பேரும் புதிதாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையிலிருந்து ஒதுங்கப் பழகியவளுக்குத்தான் பிற்பாடு 'கூச்சக்காரி' என்று பெயர் வைக்கிறார்கள். பிறவிக் கூச்சம் என்று விட்டுவிட்டால் கதைக்கு ஒன்றும் கிடைக்காது.

இது என் கற்பனை மட்டும் இல்லை. கேத்தரின் டில்னி லாங் என்பவருக்கு 1805இல் தம்பி சிறுவனாகவே இறந்த பிறகுதான் சொத்து வந்தது. வான்ஸ்டெட் மாளிகையும் அதில் அடக்கம். பின்னாளில் நான்காம் வில்லியம் என்று அரியணை ஏறிய கிளாரன்ஸ் கோமகனே அவரைப் பெண் கேட்டார். அவரை மறுத்துவிட்டு, 1812இல் வில்லியம் வெல்லஸ்லி போல் என்ற அழகனைக் கட்டிக்கொண்டார். அந்த ஆள் மனைவியின் குடும்பப் பெயர்களையும் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டான், பணத்தையும் அழித்தான். 1822இல் மாளிகையின் சாமான்கள் ஏலத்துக்குப் போயின, அப்புறம் மாளிகையையே இடித்துக் கல்லும் மரமுமாக விற்றார்கள். கேத்தரின் 1825இல் இறந்தார். எந்தக் கதாநாயகியை எழுதினாலும், அவளைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் மனதில் இந்த மாதிரி ஒரு முடிவு ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி சட்டம். இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1753ஆம் வருடத் திருமணச் சட்டப்படி, 21 வயது ஆகாதவர் தகப்பனோ கார்டியனோ சம்மதிக்காமல் லைசென்ஸ் (சர்ச்சின் அனுமதிப் பத்திரம்) வாங்கிக் கட்டிக்கொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் கிடையாது; அதனால்தான் லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல் வண்டி ஓட்டி, எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடினார்கள். அவள் சான்சரி நீதிமன்றத்தின் (வாரிசுகள், டிரஸ்டுகள் விவகாரங்களைக் கவனித்த நீதிமன்றம்) பாதுகாப்பில் இருக்கும் பெண் என்றால் கதைக்கு இன்னும் வசதி: நீதிமன்றத்தைக் கேட்காமல் கட்டுகிறவன் அவமதிப்புக் குற்றத்துக்குச் சிறைக்கும் போகலாம். அப்போது அந்த நீதிமன்றத்தின் தலைவரான லார்ட் சான்சலர், எல்டன் பிரபு. வழக்குகளை இழுத்தடிப்பதில் பேர்போனவர். கதையில் இரண்டு வருடம் கடத்த வேண்டுமா, அவர் இருக்கிறார்.

கல்யாணம் ஆனதும் அவளுடைய ரொக்கம், பத்திரம், நகை எல்லாம் கணவனுக்கு. நிலமாக இருந்தால் அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, ஆனால் குத்தகை வருமானம் அவன் கைக்குத்தான் போகும். இதிலிருந்து தப்ப வழக்கமான வழி கல்யாணத்துக்கு முன்னால் எழுதும் ஒப்பந்தம்: சொத்தை டிரஸ்டிகள் பெயரில் வைத்து, அவள் கைச்செலவுக்கு இவ்வளவு, விதவையானால் இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவது போல, இரண்டு பக்கத்து வக்கீல்களும் சத்தமில்லாமல் பேசி முடிப்பார்கள். அந்த அறையில் அவளுக்கு நாற்காலியே இருக்காது. இந்தக் காட்சியை எழுதுங்கள். காதல் காட்சி வேறு எங்கும் வேண்டாம், இங்கே வையுங்கள். மாப்பிள்ளையின் வக்கீல் 'இந்த ஷரத்து எங்களுக்குப் பாதகம்' என்கிறபோது, அவன் என்ன சொல்கிறான் என்பதில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது நடனத்துக்குப் போகலாம்.

கூச்சக்காரிக்கு ஆடுவது கஷ்டம் இல்லை. வருடக்கணக்கில் நடன ஆசிரியர் வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். நிற்பதுதான் கஷ்டம். கன்ட்ரி டான்ஸில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. மேலே இருக்கும் ஜோடி ஆடிக்கொண்டே கீழே இறங்கி வரும். தங்கள் முறை வரும்வரை மற்றவர்கள் எதிரெதிரே சும்மா நிற்க வேண்டும். ஒருவரோடு இரண்டு ஆட்டம் ஆடியாக வேண்டும், ஏறக்குறைய அரை மணி நேரம். அதில் முக்கால்வாசி நேரம் பேசித்தான் தீர வேண்டும். சாலை எப்படி இருந்தது, கூட்டம் அதிகம்தான் இல்லையா. அவள் பதிலை மனதுக்குள் அடுக்கி முடிக்கும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். கையுறை ஈரமாகிவிட்டது, கழற்ற முடியாது. மேலே சரவிளக்கிலிருந்து ஒரு சொட்டு மெழுகு எதிரே நிற்பவனின் தோளில் விழுந்து வெள்ளையாக உறைகிறது. சொல்லலாமா வேண்டாமா? இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு பக்கம் எழுதலாம்.

இன்னொரு விதியை மறந்துவிடாதீர்கள், கதையையே நகர்த்தக்கூடியது அது. ஒருவனோடு ஆட மாட்டேன் என்று சொன்ன பெண், அதே ஆட்டத்துக்கு வேறு ஒருவனோடு எழுந்துவிட்டால் பெரிய அவமரியாதை. பிடிக்காதவனைத் தவிர்க்க வேண்டுமென்றால் பிடித்தவனையும் விட்டுவிட்டு உட்கார வேண்டும். 'தலை வலிக்கிறது' என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெண் கூச்சத்தில் உட்காரவில்லை, கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று வாசகருக்கு மட்டும் தெரியட்டும்.

லண்டனின் மேட்டுக்குடி நடன மன்றமான ஆல்மாக்ஸ் வேண்டுமென்றால் வையுங்கள். புதன்கிழமை இரவு, அனுமதிச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், சாப்பிட மெல்லிய ரொட்டியும் வெண்ணெயும் காய்ந்த கேக்கும். பணம் மட்டும் வைத்துக்கொண்டு நுழைய முடியாது. சீட்டு கொடுப்பவர்கள் சில சீமாட்டிகள். அவர்களில் ஒருவரான ஜெர்சி சீமாட்டியும் ஒரு வாரிசுதான். அவருடைய அம்மா 1782இல் கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போன கோபத்தில், தாத்தா ராபர்ட் சைல்ட் தன் சொத்து பேத்திக்குப் போகும்படி உயில் எழுதினார். அதனால் சைல்ட் வங்கியின் மூத்த பங்குதாரராக 1806 முதல் இருந்தவர் அந்தப் பேத்தியான ஜெர்சி சீமாட்டி. ஓயாமல் பேசுவார் என்பதால் 'சைலன்ஸ்' என்று பட்டப்பெயர். உங்கள் பெண்ணை இவருக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

அவள் பேச்சைப் புள்ளி புள்ளியாகத் திக்கவிட்டு எழுதாதீர்கள், படிக்க முடியவில்லை. குறைவாக, சரியாக, கொஞ்சம் தாமதமாகப் பேசட்டும். கடிதத்தில் மட்டும் கொட்டட்டும். தபால் செலவு வாங்குகிறவர் தலையில் என்பதால், எழுதிய தாளையே திருப்பிக் குறுக்காகவும் எழுதுவார்கள். வேலையை விட்டுப் போன பழைய கவர்னஸுக்கு எழுதலாம். நிச்சயமாகாத ஆணுக்கு எழுதக் கூடாது. அவள் கூச்சப்படாத ஓரிடமும் இருக்க வேண்டும். குதிரை லாயமோ, கணக்குப் புத்தகமோ. கவிஞர் பைரன் பிரபு 1815இல் கட்டிக்கொண்ட அனபெல்லா மில்பேங்க் அடக்கமானவர், கணிதத்தில் தேர்ந்தவர். 'இணைகரங்களின் இளவரசி' என்று பைரன் கேலி செய்தார். மறு வருடமே அவர் குழந்தையோடு கணவரை விட்டுப் போய்விட்டார். அடக்கமான பெண் முடிவெடுக்கத் தெரியாதவள் என்று யார் சொன்னது?

விசிறியை அசைத்து ரகசியச் சேதி சொல்கிற 'விசிறி பாஷை'யைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தனியாகத் தெருவில் நடக்க விடாதீர்கள். பின்னால் ஒரு வேலைக்காரனாவது வர வேண்டும், கிளப்புகள் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் தெருப் பக்கம் அதுவும் போதாது. அரண்மனைக்கு அறிமுகத்துக்குப் போகும்போது மட்டும் மார்புக்குக் கீழே இடுப்பு, அதன் கீழ் பெரிய வளையப் பாவாடை, தலையில் தீக்கோழி இறகு. பார்க்க விநோதமாகத்தான் இருக்கும், 1820 வரை அதுதான் முறை.

கடைசியாக வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். 1811 பிப்ரவரிக்கும் 1820 ஜனவரிக்கும் நடுவில் எது வேண்டுமானாலும், ஆனால் ஒன்றைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள். 1814 பிப்ரவரியில் தேம்ஸ் உறைந்து, பனிக்கட்டி மேல் சந்தை போட்டார்கள். 1816இல் கோடையே வரவில்லை. 1817 நவம்பரில் இளவரசி சார்லட் பிரசவத்தில் இறந்து நாடே கறுப்பு உடுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு மஞ்சள் கவுன் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.